மழையில் நனைந்த அரங்கம்



1919 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. மெக்சிகோ நகரத்தின் 'எல் தொரேயோ' காளைச்சண்டை அரங்கில் அன்று காளைகள் இல்லை. இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூசோ 'கார்மென்' ஓபராவில் பாட வந்திருந்தார். இருபதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். கூரையில்லாத அரங்கம், நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் எழுந்து போகவில்லை. குடைகளை விரித்துக்கொண்டு படிகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கரூசோவும் பாடிக்கொண்டே இருந்தார். 'கார்மென்' கதையின் கடைசிக் காட்சி நடப்பதே ஒரு காளைச்சண்டை அரங்கின் வாசலில்தான். படுதாவில் வரைந்து காட்ட வேண்டியது, அன்று சுற்றிலும் நிஜமாகவே நின்றது. இதைப் படித்த நாள் முதல் அந்த ஈரப் படிகள் என் மனதை விட்டுப் போகவில்லை.

அங்கு நடந்த காளைச்சண்டையை நம் ஜல்லிக்கட்டைப் போல நினைத்துவிட வேண்டாம். அங்கே களத்தில் இறங்கிய காளை பெரும்பாலும் உயிரோடு திரும்பாது. அதை என்னால் ரசிக்க முடியாது. ஆனாலும் ஓர் ஊர் நாற்பது வருடம் கூடிச் சிரித்து, கத்தி, அழுத இடம் இடிபடும்போது மனசு கேட்கவில்லை.

1907-இல் 'கொந்தேசா' பகுதியில் இரும்புச் சட்டங்களால் எழுப்பியபோது எல் தொரேயோ நகரத்தின் ஓரத்தில் இருந்தது. பிறகு நகரம் வளர்ந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. 1946 பிப்ரவரியில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் 'பிளாசா மெக்சிகோ' திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் பழைய அரங்கில் கடைசிச் சண்டை. அதோடு அதன் காலம் முடிந்தது.

ஆனால் அதன் எலும்புகள் மண்ணுக்குப் போகவில்லை. இரும்புச் சட்டங்களைக் கழற்றி, நகரத்தின் வடமேற்கு எல்லைக்கு அப்பால் 'குவாத்ரோ கமினோஸ்' என்ற இடத்துக்குக் கொண்டுபோய், 1947-இல் மறுபடி அரங்கமாக நிறுத்தினார்கள். மெக்சிகோ மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய வெள்ளி முகமூடி மல்யுத்த வீரர் எல் சாண்டோ, 1982 செப்டம்பர் 12 அன்று கடைசியாகக் களமிறங்கியது அங்கேதான்.

பழைய மனையில் 1958-இல் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி வந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் 'எல் பலாசியோ தே இயெர்ரோ', அதாவது இரும்பு மாளிகை. நகரத்தின் நடுவில் 19-ஆம் நூற்றாண்டில் அது எழுப்பிய இரும்புக் கட்டடத்தால் வந்த பெயர். இரும்பு அரங்கம் போன மனைக்கு இரும்பு மாளிகை குடிவந்தது யாரும் திட்டமிட்டதில்லை. எனக்கு மட்டும் மண்ணே கேட்டு வாங்கிக்கொண்டதுபோலத் தோன்றும்.

இடம் மாறிப் போன அரங்கமும் இன்று இல்லை. அதையும் இடித்துவிட்டு அலுவலகக் கோபுரங்களும் கடைவளாகமும் கட்டிவிட்டார்கள். பக்கத்து மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'குவாத்ரோ கமினோஸ்' என்றுதான் இருக்கிறது. அங்கே போகிற சிற்றுந்துகளின் முன்கண்ணாடியிலோ 'தொரேயோ' என்று எழுதியிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்