அடுப்படியில் மீதமாகும் நேரம்

கடலை, கவுப்பி, இறைச்சி வேக நேரமெடுக்கும் என்பதால், வயல்வேலை முடிந்து வரும் எமது தாய்மார் பல நாட்களில் சோற்றோடும் சம்பலோடும் சமாளித்துவிடுகின்றனர். விறகும் நேரமும் இல்லாததால் பிள்ளைகளின் போசாக்கு குறைகிறது.

எனவே மின் பிறசர் குக்கரை வசதியானோரின் பொருளென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. திறந்த பானையில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். மூடிய குக்கரில் அமுக்கத்தினால் வெப்பம் 110 பாகையைத் தாண்டும். இரவில் ஊறவிட்ட கடலை, அமுக்கம் ஏறியபின் 20 நிமிடமளவில் வெந்துவிடும். புகையில்லை, பக்கத்தில் நிற்கவும் தேவையில்லை. அமுக்கம் ஏறியதும் மின்சாரம் விட்டுவிட்டே பாய்வதால் செலவும் குறைவு. பயறு, கடலை வகைகளைப் பாத்திரத்தின் அரைவாசிக்கு மேல் நிரப்பலாகாது.

ஆயினும் விறகடுப்பைக் கைவிட வேண்டாம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. வட்டிக்குக் கடன்பட்டு வாங்கவும் வேண்டாம். பிறர் காணியில் கொட்டில் போட்டிருப்போர், அயல்வீட்டிலிருந்து இழுத்த மெல்லிய வயரில் இதைக் கொளுவுவது ஆபத்து. இது ஏறக்குறைய 1000 வாற்று மின்சாரம் இழுக்கும். அவர்களுக்கு அடுப்பில் வைக்கும் சாதாரண பிறசர் குக்கரே பொருத்தமானது. அதுவும் விறகை மீதப்படுத்தும்.

இறுதியாக ஒன்று. மீதமாகும் அந்த ஒரு மணி நேரத்தில் தாயின் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்தாதிருப்போம். மார்த்தாவுக்கும் சற்று அமர்ந்திருக்க நேரம் வேண்டுமல்லவா?