ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டால் போதுமா?

நமக்குத் தெரிந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் கடும் நிமோனியாவால் பன்னிரண்டு நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தார். "டாக்டரே வீட்டுக்கு அனுப்பிட்டாரு, இனி என்ன?" என்று சில நாளிலேயே காலைப் பெரட்டுக்குப் போய் நின்றார். பத்து மரம் வெட்டுவதற்குள் மூச்சு இரைத்து, நிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிசியோ சிகிச்சைக்குத் தேதி போட்ட அட்டை வீட்டில்தான் கிடந்தது. "கையை ஆட்டு, காலை ஆட்டும்பாங்க. அதுக்கா ஒருநாள் சம்பளத்தை விடறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் தோழர்களே, மருந்து கிருமியைக் கொல்லும். போன பலத்தைத் திருப்பித் தராது. வயதானவர் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தால், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்துபோகும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். நோயும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? அதனால்தான் நோயாளி கொஞ்சம் தெளிந்ததுமே பிசியோ பணியாளர் வந்து, எழுப்பி உட்கார வைக்கிறார், கட்டிலைச் சுற்றி நடக்க வைக்கிறார். அது கொடுமையல்ல, வைத்தியம்.

சளி கட்டியவருக்கு மூச்சுப் பயிற்சியும் உண்டு. மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல விட வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தபின், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதினால் சளி மேலே வரும். யாருக்கு எது, எத்தனை முறை என்பதைப் பிசியோ பணியாளர்தான் சொல்ல வேண்டும். முதுகில் தட்டுவது எல்லாருக்கும் தேவைப்படாது.

வீட்டில் நாம் செய்யும் தவறும் ஒன்று உண்டு. "அப்பா எழுந்திருக்காதீங்க, படுங்க" என்று பாசத்தால் படுக்கையிலேயே வைத்துவிடுகிறோம். வாசல்வரை, பிறகு லயத்தின் கோடிவரை என்று நாளுக்கு நாள் கொஞ்சம் கூட நடக்க வையுங்கள். நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சல் திரும்பினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பயிற்சி செய்கிறோமே என்று மருந்தை நிறுத்தவும் கூடாது.

இனி நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தப்படி, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. சாதாரண நோய் விடுப்பு இதில் சேராது, அது தனி. நல்லதுதான். ஆனால் வீடு திரும்பியபின் பிசியோவுக்குப் போய் வந்தால் பல நேரம் கிடைப்பது எம்.சி. அல்ல, வந்துபோன நேரத்தைக் குறித்த சீட்டுத்தான். நாள் சம்பளக்காரனுக்கு அந்தச் சீட்டு அடுப்பை எரிக்குமா?

அந்த நாளுக்கும் சம்பளம் கொடுங்கள், போய்வர வண்டி கொடுங்கள், முதல் சில வாரம் இலேசான வேலை கொடுங்கள் என்கிறோம். தொழிற்சங்கமும் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை மேசையில் வைக்க வேண்டும்.

அதுவரை அந்த அட்டையை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். போன மூச்சைத் திருப்பி வாங்கும் சீட்டு அது.