திருநெல்வேலியிலிருந்து திருநெல்வேலிக்கு

தனுஷ்கோடியைப் பற்றி உருகி எழுதாத தமிழ் எழுத்தாளர் இன்று அபூர்வம். இடிந்த தேவாலயம், மணல் மூடிய தண்டவாளம், அலையில் போன ரயில் என்று அந்த உருக்கத்துக்கு ஒரு நிலையான வரிசை உண்டு. கடைசியில் ‘போட் மெயில்’ வந்தே தீரும். எழும்பூரில் ஏறினால் ஒரே சீட்டில் கொழும்பு போய்ச் சேரலாமாம், இடையில் கொஞ்சம் கடலாம், அதைக் கடக்க ஒரு கப்பலாம். அந்தப் பொற்காலத்தைப் புயல் கொண்டுபோய்விட்டது என்ற பெருமூச்சோடு கட்டுரை முடியும். வாசகரும் பெருமூச்சு விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார்.

இந்தக் கட்டுரை அந்தப் பெருமூச்சுக்கு எதிரானது. அது பொய்யான வரலாறு என்பது ஒரு காரணம். இன்று நாம் கேட்க வேண்டிய மிக எளிய ஒன்றைக் கேட்க விடாமல் அது நம் வாயை அடைக்கிறது என்பது அதைவிட முக்கியமான காரணம். அந்த எளிய பொருளின் பெயர் திரும்பும் சீட்டு. காலையில் போய் இரவில் வீடு திரும்பும் சீட்டு.

தாமிரபரணிக் கரையில் ஒரு திருநெல்வேலி இருப்பதுபோல் யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. பேச்சில் தின்னவேலி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். கொக்குவில், கோண்டாவில் ரயில் நிலையங்கள் பக்கத்தில் உள்ளன. நேர்கோட்டில் அளந்தால் இரண்டு திருநெல்வேலிகளுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கும் குறைவு. நெல்லைக்குச் சென்னை இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். அசோகரின் கல்வெட்டுகள் இலங்கையைத் ‘தம்பபண்ணி’ என்று குறிப்பிடுகின்றன. நம் ஆற்றின் பெயரும் அத்தீவின் பழம்பெயரும் ஒன்றே என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். நல்லது. இந்தத் திருநெல்வேலியில் இருக்கும் ஒருவர் அந்தத் திருநெல்வேலிக்குப் போய்வரத் திட்டமிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்ப்போம்.

விமானத்தில் போவதென்றால் திருச்சிக்கோ சென்னைக்கோ வடக்கே ஏறி, பிறகு தெற்கு நோக்கிப் பறக்க வேண்டும். கப்பல் என்றால் நாகப்பட்டினம். நெல்லையிலிருந்து சாலை வழியில் 300 கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடல், நான்கு மணி நேரம். காலையில் நாகையை விடும் கப்பல் நண்பகலில் போய்ச் சேர்ந்து, அதே பிற்பகலில் திரும்பும் என்பதே அச்சேவையின் அமைப்பு. அன்றே திரும்ப நினைப்பவருக்கு அக்கரையில் கிடைப்பது குடிவரவு வரிசையிலும் குடியகல்வு வரிசையிலும் நிற்கும் நேரம் மட்டுமே. அதுவும் கடல் அனுமதித்தால்தான். இந்தச் சேவையை 2023இல் எப்போது தொடங்கினார்கள் தெரியுமா? அக்டோபர் 14. ஐப்பசி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது! வடகிழக்குப் பருவமழை எப்போது வரும் என்பது நாகப்பட்டினத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஒரு வாரத்துக்குள் சேவை நின்றது. பிறகு 2024 ஆகஸ்டில் தொடங்கி, நவம்பரில் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியது. பயணம் திட்டமிடுகிறவர் அட்டவணையைப் பார்ப்பதைவிடப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது நல்லது.

இனி, நூற்றாண்டுக்கு முன்பு எப்படி இருந்தது என்று பார்க்கலாம். தென்னிந்திய ரயில்வே 1876இல் தூத்துக்குடிக்கு வந்தது. அதே ஆண்டு மணியாச்சியிலிருந்து ஒரு கிளை திருநெல்வேலிக்கு வந்தது. தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல். அந்தக் கப்பலுக்கு இணைப்பு ரயில். அந்த ரயிலுக்கு மணியாச்சியில் நெல்லை இணைப்பு. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் ஏன் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்? தூத்துக்குடியிலிருந்து வரவிருந்த அந்தக் கொழும்பு மெயிலுக்காகக் காத்திருந்தார். வாஞ்சிநாதனுக்குக் கிடைத்த அவகாசம் அந்த இணைப்புக்கான சில நிமிடங்கள். ஒரு கொலை வழக்கின் ஓரத்தில் நமக்குக் கிடைக்கும் செய்தி இது: கப்பலையும் ரயிலையும் கிளை ரயிலையும் நிமிடக் கணக்கில் பொருத்தும் வித்தை 1911இலேயே இந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

இதைச் சொன்னதும் நம் நண்பர்கள் கைதட்டத் தொடங்குவார்கள். சற்றுப் பொறுக்க வேண்டும். அந்தக் கப்பலில் போனவர்களில் மிகப் பலர் யார்? மலையகத் தோட்டங்களுக்குப் போன கூலிகள். தூத்துக்குடி வழியில் போனவர்களைத் தட்டப்பாறை முகாமில் நிறுத்தி வைத்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வந்தபின் மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்தார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. நோய் இருக்கிறதா என்று பார்த்து, கிருமி நீக்கி, கணக்கெடுத்து ஏற்றினார்கள். முதல் வகுப்பில் காபி குடித்தபடி கடல் கடந்தவரின் நினைவுக் குறிப்பைத்தான் நாம் ‘போட் மெயில் காலம்’ என்று வாசித்துக்கொண்டிருக்கிறோம். மற்றவர்களுக்கு அது ஒருவழிச் சீட்டு. கடனும் கங்காணியும் சேர்ந்து திரும்பும் வழியை அடைத்திருந்தன. புதுமைப்பித்தன் 1930களிலேயே ‘துன்பக்கேணி’யில் நெல்லைச் சீமையின் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒரு பெண்ணின் வாழ்வை எழுதிக் காட்டிவிட்டார். அந்தக் கதையைப் படித்துவிட்டும் ஒருவரால் போட் மெயிலுக்காக ஏங்க முடிகிறது என்றால், அவர் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அடுத்தது புயல். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி அழிந்தது. ரயிலோடு போனவர்கள் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர். அந்தத் துயரத்தை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று, இரண்டு மாதம்கூட ஆகாத இடைவெளியில், வேறொரு புயல் டெல்லியில் வீசியது. சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகள் மனிதர்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. அந்த மனிதர்களிடம் யாரும் கேட்கவில்லை. காற்றும் கடலும் செய்த அழிவுக்கு நம்மிடம் எத்தனை கவிதைகள்! பேனா செய்த அழிவுக்கு எத்தனை?

புயல் கப்பலைக் கொன்றது என்பதும் உண்மையன்று. தனுஷ்கோடி போனபின் இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்கள் அதில்தான் வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் பலருக்கு முதல் இருப்பிடம் அதே மண்டபம் முகாம். 1980களில் போர் தொடங்கிக் கப்பல் நின்றது. அதன்பின் வந்தவர்கள் இரவில் மீன்பிடிப் படகுகளில் வந்தார்கள். அவர்களுக்கும் மண்டபம். போன கூலி, அனுப்பப்பட்ட தாயகம் திரும்பியோர், தப்பி வந்த அகதி என்று மூன்று தலைமுறைக்கு ஒரே முகாம், மூன்று தலைமுறைக்கும் ஒருவழிச் சீட்டு. அரசியல் அறுத்ததைக் கடலின் தலையில் கட்டிவிட்டு நாம் மணலைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறோம்.

இது தூரத்து விஷயமும் அன்று. கங்கைகொண்டானிலும் கோபாலசமுத்திரத்திலும் ஈழத்தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று அரசு பெயர் மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர், தாத்தா விட்டுவந்த வீட்டைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு இரவில் திரும்ப முடியுமா? போவதென்றால் போய்விட வேண்டும். இருப்பதென்றால் இருந்துவிட வேண்டும். போய்ப் பார்த்து, வாழ முடியுமா என்று யோசித்து, முடிவெடுக்க ஒரு மனிதருக்கு உரிமை வேண்டாமா? நாள் பயணம் என்பது சுற்றுலாக்காரரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வ.உ.சி.யை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது கொழும்பு வழியில் பிரிட்டிஷ் கம்பெனியோடு போட்டியிடத்தான். சிலை செய்வதற்கு முன் அவர் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்: தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சாதாரண மனிதர் போய்வரும் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர். 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அதே 2011 ஜூனில் அங்கிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் விடப்பட்டது. நவம்பருக்குள் அது நின்றது. பெயர்ப்பலகை நிலைத்தது, கப்பல் நிலைக்கவில்லை.

மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, நஷ்டம். ஆண்டில் பாதி நாள் ஓடுமா ஓடாதா என்று தெரியாத சேவை நஷ்டத்தில்தான் ஓடும். பயணி வருவது நம்பிக்கையினால். நம்பிக்கை வருவது அட்டவணையினால். நெல்லையிலிருந்து மலையோர ஊர்களுக்குப் போகும் ஒவ்வொரு பேருந்தும் லாபத்திலா ஓடுகிறது?

இரண்டாவது, பாதுகாப்பு. கடத்தல்காரன் சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டி, கடவுச்சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு போவதில்லை. முறையான வழி மூடிய கடலில்தான் முறையற்ற வழிகள் பெருகும்.

மூன்றாவது, மீனவர் சிக்கல். இரு கரை மீனவருக்கும் இடையே உள்ள பகை உண்மையானது. நம் இழுவைமடிகள் வடபகுதி மீனவரின் வலைகளையும் வாழ்வையும் அழிப்பதும் உண்மை. இராமேஸ்வரத்துக்காரர் மன்னாருக்குப் போய், வலை இழந்தவரின் எதிரில் உட்கார்ந்து பேசிவிட்டு அன்றே திரும்ப முடிந்தால் இந்தச் சிக்கல் வளருமா, குறையுமா?

நான்காவது மறுப்பு மிக நாகரிகமானது: “படகெல்லாம் எதற்கு, பாலமே வரப்போகிறதே!” 2023 ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட அறிக்கையில் தரைவழி இணைப்புக்கான ஆய்வு இடம்பெற்றது. ஆய்வு நடக்கட்டும். சேதுக் கால்வாய் 2005இல் தொடங்கப்பட்டு என்னவாயிற்று என்று பார்த்தவர்கள் நாம். வராத பாலம் வரும் கப்பலுக்குத் தடையாக இருக்கக் கூடாது.

பின்லாந்து வளைகுடாவைப் பாருங்கள். ஹெல்சின்கிக்கும் தாலினுக்கும் இடையே 80 கிலோமீட்டர் கடல். நாளொன்றுக்குப் பல கப்பல்கள், இரண்டு மணி நேரப் பயணம், காலையில் போய் மாலையில் திரும்பும் கூட்டம். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடை மட்டுமன்று. சோவியத் ஆட்சியின் இரும்புத்திரைக்குக் குறுக்கே 1965இலேயே அந்தப் பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கிவிட்டது. அதாவது, தனுஷ்கோடி அழிந்த மறு ஆண்டு. பனிப்போரின் இரு பக்கங்களால் முடிந்தது நட்பு நாடுகள் என்று சொல்லிக்கொள்ளும் இரண்டால் முடியவில்லை.

இங்கே என்னதான் இல்லை? தலைமன்னார் துறை வரை தண்டவாளம் 2015 மார்ச்சில் மீண்டும் வந்துவிட்டது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடல். நெல்லையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் தூரம். 2024 டிசம்பரில் இந்தச் சேவையை விரைவில் தொடங்க இரு அரசுகளும் ஒப்புக்கொண்டு அறிக்கையும் விட்டாயிற்று. வேண்டியது நல்ல இறங்குதுறை, ஆழமற்ற கடலுக்கு ஏற்ற கப்பல், எளிய விசா, ரயிலுக்குப் பொருந்தும் அட்டவணை. இரவில் நெல்லையில் ஏறுகிறவர் விடியலில் இராமேஸ்வரத்தில் இறங்க வேண்டும். காலைக் கப்பலில் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கிருந்து மன்னார், திருக்கேதீச்சரம். விரும்புவோர்க்கு மடு மாதா. மாலைக் கப்பலில் திரும்பினால் நள்ளிரவை ஒட்டி நெல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு, பூநகரி வழியே போய் ஓர் இரவு தங்கினால் போதும். பருவமழைக் காலத்தில் எத்தனை வாரம் ஓடாது என்பதையும் அந்த அட்டவணையிலேயே அச்சிட்டுவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அக்கரையிலிருந்து வருகிறவருக்கும் இதே வசதி, இதே எளிமை வேண்டும். நமக்கு மட்டும் திறக்கும் கதவை அக்கரையில் உறவு என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இலக்கிய இதழ் வாசகரிடம் ரயில் நேரத்தைப் பேசுவானேன் என்று கேட்கலாம். பாளையங்கோட்டையிலிருந்து நா. வானமாமலை ‘ஆராய்ச்சி’யை நடத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யை நடத்தினார். கைலாசபதியும் சிவத்தம்பியும் இக்கரையின் விமர்சனத்தை மாற்றினார்கள். அந்த உரையாடல் தபாலில் மட்டும் நடந்ததன்று. ஆட்கள் போனார்கள், வந்தார்கள், நேரில் சண்டையிட்டார்கள். இன்று ஈழத்து எழுத்தாளரை நம்மவர் சந்திப்பது பெரும்பாலும் பாரிஸிலும் டொராண்டோவிலும். அக்கரையில் வாழ்கிறவர்களைப் பற்றி, அங்கே ஒரு பகல்கூட இருந்து பாராதவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதில் உள்ள அசட்டுத்தனம் அவர்களுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரிவதில்லை.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை தனுஷ்கோடி மணலில் நின்று எழுதும்போது கடைசிப் பத்தியில் பெருமூச்சு வேண்டாம். இராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் எந்த நாளில் தொடங்கும், எத்தனை மணிக்குப் புறப்படும், எத்தனை மணிக்குத் திரும்பும், நெல்லை ரயிலுக்கு அது பொருந்துமா என்று கேட்டு முடியுங்கள். கட்டுரையின் படி ஒன்றைத் தெற்கு ரயில்வேக்கும், ஒன்றைத் தமிழக அரசுக்கும், ஒன்றை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பிவையுங்கள்.