உந்துருளி ஓடத் தெரியும் என்கிறோமே!

சித்திரை பிறக்கும் வேளையில் ஸ்டோவ்னரில் பனி கரைந்து ஓடத் தொடங்கும். ஐந்து மாதங்களாக நிலவறைகளிலும் தரிப்பிடங்களிலும் போர்வைக்குள் கிடந்த உந்துருளிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சனிக்கிழமைகளில் வணிக வளாகத்தின் அருகே நின்று பார்த்தால், தலைக்கவசத்தைக் கழற்றும் இளைஞர்களுள் எம்மவர் பிள்ளைகளையும் காணலாம். பெற்றோர் நிலக்கீழ் தொடருந்திலேயே காலத்தைக் கழித்தனர். பிள்ளைகளுக்கோ உந்துருளி வேண்டியிருக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை.

இவ்விடயத்தில் எமது வீடுகளில் இரண்டு விதமான பேச்சுக்களைக் கேட்கிறோம். ஒன்று தாயாருடையது: "அந்தச் சனியனை வாங்கினால் வீட்டுப் படி மிதிக்காதே." மற்றையது தகப்பனாருடையது: "நாங்கள் ஊரிலே ஓடாத மோட்டார் சைக்கிளா? நான் பழக்கி விடுகிறேன்." முதலாவதற்குப் பயன் இல்லை; பதினெட்டு வயதானவன் வாங்கியே தீருவான். இரண்டாவதோ ஆபத்தானது. அது பற்றியே சிறிது எழுத விரும்புகிறோம்.

ஊரில் நாம் எவ்வாறு பழகினோம்? மாமாவின் ஹொண்டா தொண்ணூறை மாலையில் கெஞ்சி வாங்கிப் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு சுற்று ஓடினோம். மூன்றாம் சுற்றில் வேலியோடு மோதினோம். அடுத்த நாள் தெருவுக்கு வந்துவிட்டோம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தங்கத்துக்கு நிகராயிற்று. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடினோம். வெண்புகை கக்கியபடி மூவரையும் ஒரு மூட்டை அரிசியையும் சுமந்து சென்ற அந்த வண்டிகளை நினைத்தால் இன்றும் பெருமிதம் உண்டாகிறது. அத்திறமையை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆயினும் அது இயந்திரத்தை வாழவைக்கும் திறமை. வீதியில் உயிர் தப்பும் திறமை வேறு. குண்டும் குழியுமான தெருவில் மணிக்கு முப்பது கிலோ மீற்றரில் ஓடியவருக்கு இவ்விரண்டாவது பெரிதாகத் தேவைப்படவில்லை.

எமக்கு ஊரில் சொல்லித்தரப்பட்ட முதலாவது பாடம் நினைவிருக்கிறதா? "முன் பிறேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்." மணல் ஒழுங்கைக்கு அது ஓரளவு பொருந்தும். தார் வீதிக்கு அது மரணப் பாடம். பிறேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னே சரிகிறது. முன் சில்லின் பிடிமானம் கூடுகிறது, பின் சில்லினது குறைகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன் பிறேக்கிலேயே உள்ளது. அதனைச் சட்டென்று இறுக்காமல், படிப்படியாக அழுத்தப் பழகவேண்டும். அமெரிக்காவில் ஹரி ஹர்ட் என்ற ஆய்வாளர் லொஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விபத்துக்களை நேரில் ஆராய்ந்து 1981 இல் அறிக்கை வெளியிட்டார். விபத்தில் சிக்கியோருள் 92 வீதமானோர் முறையான பயிற்சி பெறாது, தாமாகவோ உறவினர் நண்பரிடமோ பழகியவர்கள் என்று அவர் கண்டார். ஆபத்து வேளையில் பலர் பின் பிறேக்கை அளவு மீறி மிதித்து முன் பிறேக்கைப் போதியளவு பயன்படுத்தவில்லை என்பதும் அவ்வறிக்கையில் உண்டு. மாமாவின் பாடம் எமக்கு மட்டும் உரியதன்று போலும்.

இங்கு இன்னுமொரு சிக்கலும் உண்டு. நாம் இடப்புறம் ஓடிப் பழகியவர்கள். வாகன நெரிசலில் வலப்புறம் ஓடுவது எளிது. மற்றவர் பின்னே போகிறோம். அதிகாலை வெறும் வீதியில், வேலைக் களைப்பில், சந்தியில் திரும்பும்போதுதான் பழைய உடல் விழித்துக்கொள்கிறது.

"இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தை நோர்வே அப்படியே மாற்றித் தருவதில்லை, எப்படியும் பயிற்சி எடுத்துத்தானே ஆகவேண்டும்" என்று வாசகர் கேட்கலாம். உண்மை. பதினெட்டு வயதில் 35 கிலோவாற் வரையான வண்டிக்கு மட்டுமே அனுமதி. பெரிய வண்டியை நேரடியாகப் பெறுவதற்கு இருபத்துநான்கு வயதாக வேண்டும். கட்டாயப் பாடங்களும் உள்ளன. இந்த ஒழுங்கைப் பாராட்டுகிறோம். 1970 இல் இந்நாட்டு வீதிகளில் 560 பேர் இறந்தனர். வீதியில் ஒருவரேனும் இறக்கவோ படுகாயமடையவோ கூடாது என்ற இலக்கை நாடாளுமன்றம் 2002 இல் ஏற்றுக்கொண்டது. 2020 இல் இறந்தோர் தொகை நூறுக்கும் கீழே வந்தது. ஆனால் அனுமதிப்பத்திரம் என்பது குறைந்தபட்சத் தகுதி. அதனைப் பெற்றவர் ஒவ்வோர் ஆண்டும் ஐந்து மாதங்கள் வண்டியைத் தொடாமலிருந்துவிட்டு, கை மறந்த நிலையில் மீண்டும் ஏறுகிறார்.

எமது கதையையும் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், பருவத்தின் முதல் ஓட்டத்தில், ஸ்டோவ்னரில் வீடு திரும்பும் சிறு வளைவொன்றில் விழுந்தோம். குளிர்காலத்தில் வழுக்காதிருக்கத் தூவிய சிறுகற்கள் அங்கே கிடந்தன. வேகம் அதிகமில்லை. காறை எலும்பு முறிந்தது. ஆறு கிழமை வேலை இல்லை. கல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்தோம். மறு ஆண்டு ஒரு நாள் மேலதிகப் பயிற்சிக்குச் சென்றபோது, எமது மகனின் வயதையொத்த பயிற்றுநர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "விழுமுன் எங்கே பார்த்தீர்கள்?" கல்லைத்தான் பார்த்தோம். பார்க்கும் இடத்துக்கே வண்டி போகும். பக்கத்தில் ஒரு மீற்றர் அகலத்தில் சுத்தமான தார் இருந்ததை நாம் காணவேயில்லை.

அப்பயிற்சியில் காலை முழுவதும் நடைவேகத்தில் கூம்புகளுக்கிடையே வளைந்து ஓடவிட்டனர். கிளச்சையும் பின் பிறேக்கையும் சேர்த்து இழைப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் விளங்கியது. பின்னர் அவசரமாக நிறுத்துதல், விலகி ஓடுதல். ஓரளவு வேகத்தில் வலப்புறம் சாய்வதற்கு வலக் கைபிடியை முன்னே தள்ளவேண்டும் என்பதைப் பலர் நம்ப மறுத்தனர். முப்பது ஆண்டுகளாக அதைத்தான் அறியாமற் செய்து வந்திருக்கிறோம்! அறிந்து செய்தால்தான் திடீரென முன்னே ஒரு கார் வரும்போது கை அதனைச் செய்யும். மணிக்கு எண்பது கிலோ மீற்றரில் ஒரு விநாடிக்கு இருபத்திரண்டு மீற்றர் போய்விடுகிறோம். யோசிப்பதற்கு அங்கே இடமில்லை.

எனினும் எல்லாப் பயிற்சியும் நன்மை தருவதில்லை. நோர்வே இதனைத் தனது செலவிலேயே கற்றது. இளம் கார்ச் சாரதிகளுக்கு வழுக்கு வீதிப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்ட பின்னர், போக்குவரத்துப் பொருளாதார நிறுவனத்தின் ஆய்வாளர் அல்ப் கிளாட் 1988 இல் அதன் பலனை ஆராய்ந்தார். பயிற்சி பெற்ற இளம் ஆண்களின் விபத்து குறையவில்லை, கூடியிருந்தது! வழுக்கும்போது சமாளிக்கலாம் என்ற துணிவு அவர்களை வேகமாக ஓடச் செய்தது என்பதே பரவலான விளக்கம். அதன் பின்னர் பாடத்தின் நோக்கத்தையே மாற்றினார்கள்: சமாளிப்பதைக் காட்டிலும் அந்நிலைக்குள் போகாமலிருப்பது. ஆதலால் மகனை அனுப்பும் பெற்றோர், அங்கே வளைவில் முழங்கால் உரசப் பழக்குகிறார்களா, சந்தியை வாசிக்கப் பழக்குகிறார்களா என்று கேட்டறிய வேண்டும். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 விபத்துக்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, ஏறத்தாழப் பாதியில் முதன்மைத் தவறு மற்றைய வாகனச் சாரதியுடையது என்றது. அவர் எம்மைக் காணமாட்டார் என்று எண்ணி ஓடுபவனே வீடு வருகிறான்.

நோர்வே மோட்டார் சைக்கிள் ஒன்றியமும் நோர்வே வாகனச் சங்கமும் இவ்வகைப் பயிற்சிகளை நடத்துகின்றன. பிரித்தானியாவில் வாழும் வாசகர்களுக்கு 1956 இல் தொடங்கிய மேம்பட்ட சாரதிகள் கழகம் உண்டு. செலவு உண்டுதான். பூப்புனித நீராட்டு விழாவின் மண்டபச் சோடனைக்குக் கொட்டும் பணத்தை நினைத்துப் பார்த்தால் அது பெரிதன்று. இவ்வாறு எழுதுவதற்காக எம்மைக் கோபிப்போர் கோபிக்கட்டும். எமது சங்கங்கள் ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டிக்குப் பேருந்து அமர்த்துகின்றன. பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான், ஒரு பயிற்சி நாளை ஒழுங்கு செய்வது அவற்றுக்கு இயலாத காரியமா?

இவ்வாண்டு நாம் மகனோடு பெயர் பதிந்துள்ளோம். அவனுக்கு அது வெட்கமாக இருக்கிறது. எமக்குக் கூம்புகளுக்கிடையே மீண்டும் கால் ஊன்ற நேருமோ என்ற பயம்.