இணையப் பாடமும் பதிப்பறிவும்

ஆய்வேடுகளில் இணையச் சான்றுகளை அறவே விலக்க வேண்டும் என்னும் வாதம் பொருந்தாது. தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிலும் மாணவர் பலருக்குப் பழம்பதிப்புகள் எளிதில் கிட்டா. இணையமே அவர்தம் நூலகம். குறை கற்பித்தலில் உள்ளது.

குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இலும் உ.வே.சாமிநாதையர் 1937-இலும் பதிப்பித்தனர். ஐயர் பதிப்பு பாடவேறுபாடுகளையும் உடன் தருகிறது. இணையப் பக்கங்கள் பலவோ எப்பதிப்பைத் தழுவியன என்று கூறாமலே ஒரு பாடத்தை மட்டும் தருகின்றன. தட்டச்சுப் பிழையும் பாடவேறுபாடும் அங்கு ஒன்றுபோலவே தோன்றும்! மாணவர் அதன்மேல் ஓர் இயலையே எழுப்பிவிடுகிறார்.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களை முகப்பிலேயே தருகின்றன. அம்முகப்பைப் படிக்கப் பணிக்கும் நெறியாளர் எத்துணைப் பேர்? ‘இணையம்’ என்று மட்டும் அடிக்குறிப்பிட்ட இயலுக்கு ஒப்பமிடுவோர் மாணவரைப் பழிப்பது எங்ஙனம்?