மகாராஜாவின் வணக்கம்

விமானக் கம்பெனி விளம்பரத்திற்கு இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அண்மையில் ஏர் இந்தியாவின் பழைய சுவரொட்டிகள் சிலவற்றைப் பார்க்க நேர்ந்தது. அப்போது எழுந்த ஐயத்தை இங்கே முன்வைக்கிறோம்.

1948 ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. நேற்றுவரை நம்மை ஆண்டவர்களின் தலைநகரில், அவர்களுடைய பி.ஓ.ஏ.சி. கோலோச்சிய சந்தையில், 'எங்கள் விமானத்தில் வாருங்கள்' என்று அழைக்க வேண்டியிருந்தது. 1960 மே மாதம் நியூயார்க்குக்குப் போனபோது எதிரே நின்றவை பான் அமெரிக்கனும் டி.டபிள்யூ.ஏ.யும்.

விலையைக் குறைத்து ஆள் சேர்க்கவும் வழியில்லை. கட்டணங்களை ஐ.ஏ.டி.ஏ. என்னும் விமான நிறுவனங்களின் சங்கம் கூடி நிர்ணயித்த காலம் அது. சாப்பாட்டில்கூடத் தாராளம் காட்ட முடியாது. ஸ்காண்டிநேவிய விமானங்கள் சாண்ட்விச் என்ற பெயரில் விருந்தே படைக்கின்றன என்று பான் அமெரிக்கன் முறையிட்டு, 1958இல் அது பெரும் வழக்காயிற்று! ஏறக்குறைய ஒரே விமானம், ஒரே கட்டணம், ஒரே ரொட்டித் துண்டு. அந்நிய நகரத்தில் இருந்த பிரதிநிதிக்கு விற்பதற்கு எஞ்சியது முகம் ஒன்றுதான்.

அந்த முகத்தை 1946இலேயே ஆயத்தம் செய்து வைத்திருந்தார் நிறுவனத்தின் வணிகப் பொறுப்பாளர் பாபி கூக்கா. வரைந்தவர் ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்து ஓவியர் உமேஷ் ராவ். தலைப்பாகை, பெரிய மீசை, நீண்ட மூக்கு, மார்பில் கைவைத்துக் குனியும் பணிவு. மெய்யான மகாராஜாக்கள் சமஸ்தானங்களை இழந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இந்தச் சித்திர மகாராஜா உலகம் சுற்றப் புறப்பட்டார். டோக்கியோவுக்கான சுவரொட்டியில் அவர் சுமோ மல்லர்.

1967இல் சால்வடார் டாலி இந்நிறுவனத்திற்குச் சாம்பல் கிண்ணம் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்து, கூலியாக யானைக்குட்டி கேட்டார். அதுவும் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தது. குமணனிடம் யானை பெற்று அதை வெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டுப் போன பெருஞ்சித்திரனாருக்கு டாலி தூரத்து உறவினராக இருக்க வேண்டும்.

மேற்கத்தியர் தைத்து வைத்திருந்த உடுப்பையே நாம் வாங்கி மாட்டிக்கொண்டோம் என்பது மகாராஜாவின் மேல் சுமத்தப்படும் குற்றம். நாம் இதை முழுதும் ஏற்கவில்லை. கூக்கா அதை வேடம் என்று அறிந்தே கட்டினார். அரசனைப் பணியாளாக்கிச் சிரித்தார். லண்டன்காரர் தம்மோடு சேர்ந்து சிரித்தாரா, தம்மைப் பார்த்துச் சிரித்தாரா என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. இருக்கை நிரம்ப வேண்டும், அவ்வளவே.

நமக்குள்ள அச்சம் வேறு. ஆங்கிலத்திற்குப் போகும் தமிழ் நாவல்களின் அட்டைகளைப் பாருங்கள்: கோபுரம், வாழையிலை, மல்லிகைச் சரம் சூடிய பின்னந்தலை. நியூயார்க் புத்தகக் கடையில் நம் எழுத்துக்கு வாய்த்த மகாராஜாக்கள் இவை. விமானத்திலாவது வேடம் வாசலோடு நின்றுவிடும். ஏறியவர் ஊர் போய்ச் சேர்வார். நாவலிலோ, எந்தக் கதை மொழிபெயர்க்கத் தக்கது என்பதையே அட்டை தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது.

இதை வகுப்பில் சொன்னபோது மாணவி ஒருத்தி எழுந்தாள். "அட்டையைப் பார்த்தாவது எடுக்கிறார்களே ஐயா, எடுக்காமலே இருந்தால்?" என்றாள். மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறோம்.