பழைய பீட்டில் காருக்கு ஏ.சி. போடலாமா டாக்டர்?

நண்பர் ஒருத்தர், அவங்க அப்பா ஓட்டின 1965 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரைத் தூசி தட்டி எடுத்திருக்கார்.

"ஏ.சி. போட்டா ஒரிஜினாலிட்டி போயிடும்னு கார் நண்பர்கள் எல்லாம் திட்டுறாங்க. ஆனா அம்மாவால வெயில்ல உட்கார முடியல. நீ என்ன சொல்ற?"

என்கிட்ட காரைப் பத்திக் கேட்டாலும் நான் மனுஷங்களைப் பத்தித்தான் பேசுவேன் மக்களே 🙂

அம்மாவுக்கு வயசு 72. பிபிக்கு நீர் பிரியுற மாத்திரை எடுக்கிறார். மே மாச மதியத்துல, சூடேறின இரும்புக் கூட்டுக்குள்ள ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா நீரிழப்பு, மயக்கம் எல்லாம் வரலாம். அதனால தாராளமா ஏ.சி. போடுங்க. ஒரிஜினாலிட்டியை விட அம்மா முக்கியம்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்.

இந்த வண்டியில ரேடியேட்டர் கிடையாது. பின்னாடி இருக்கிற இன்ஜினை ஒரு ஃபேன் காத்தடிச்சுத்தான் குளிர வைக்குது. 1200 சிசி இன்ஜினோட சக்தியே 34 குதிரைத்திறன்தான். அதுல கம்ப்ரஸரும் பங்கு கேட்கும். கண்டென்ஸரைக் கொண்டுபோய் இன்ஜின் ஃபேனுக்கு எதிர்ல மாட்டினா, சூடான காத்துதான் இன்ஜினுக்குள்ள போகும். வண்டிக்கு அடியில, தனி ஃபேனோட மாட்டணும். பழைய 6 வோல்ட் வயரிங் இதைத் தாங்காது, 12 வோல்ட்டுக்கு மாத்தணும். இதெல்லாம் மெக்கானிக் பார்த்துப்பார்.

நான் பயப்படுறது ஹீட்டருக்கு.

நம்ம ஊர்ல யாரும் ஹீட்டர் போடுறதில்லை. அதனால யாரும் அதைத் திறந்து பார்க்கிறதும் இல்லை. அதே ஃபேன் காத்து, புகைக் குழாயைச் சுத்தியிருக்கிற ஒரு உறை வழியா சூடாகி, வண்டிக்குள்ள வர்ற மாதிரி அமைப்பு அது. உள்ளே இருக்கிற குழாய் துருப்பிடிச்சு ஓட்டையானா, புகையும் சேர்ந்து உள்ளே வரும். ஹீட்டர் மூடி துருவுல பாதி திறந்தபடி இறுகியிருந்தா, நீங்க ஹீட்டரே போடலைன்னாலும் வரும்.

இத்தனை வருஷம் கண்ணாடியை இறக்கி ஓட்டினதால தப்பிச்சிருக்கலாம். ஏ.சி. போட்டதும் கண்ணாடி ஏறிடும். உள்ளே இருக்கிற காத்தே திரும்பத் திரும்பச் சுத்தும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம்தான் ஆரம்ப அறிகுறிகள். "வெயில்ல வந்த களைப்பு"ன்னு விட்டுடுவோம்.

விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இதுல ஏமாத்தும். 98 காட்டும். அதுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

வண்டியில போன எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலியா? உடனே நிறுத்தி இறங்குங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தா "கார்ல வந்தோம், எல்லாருக்கும் இப்படி"ன்னு மறக்காம சொல்லுங்க. அந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிய உதவி. முகமூடி வழியா முழு ஆக்ஸிஜனை உடனே ஆரம்பிச்சிடுவோம்.

பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணும் வாங்கி வண்டிக்குள்ள வைக்கச் சொன்னேன்.

நேத்து நண்பர் போட்டோ அனுப்பினார். வலது பக்கக் குழாய்ல விரல் நுழையுற அளவுக்கு ஓட்டை.

அம்மா இப்போதைக்கு பஸ்லதான் வர்றாங்க.